கோமேதகனின் பலவீனங்கள் அடுத்த இதழில்

மழை எட்டிப் பார்க்காத, அதனாலேயே காகிதம் நமுத்துப் போகாத, அதனாலேயே தெருவுக்குப் பத்து அச்சகம் ஓடுகிற நெடுங்கரிசல்பட்டியில், ஆனி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தர்மக்கண் அண்ணாச்சி அச்சகத்தின் பைண்டிங் கொட்டகையில், பழைய கட்டு ஒன்றைப் பிரித்த கையோடு அதற்குள்ளிருந்து ஒரு வில்லன் எழுந்து நின்றான்.

ஏழடி உயரம், பச்சைப் போர்வை, முழங்கால் வரை பூட்ஸ், நெற்றி நடுவில் கருப்பட்டிப் பாகு நிறத்தில் கொய்யாக்காய் அளவு கோமேதகக் கல். கொட்டகையில் இருபது பெண்கள் இருந்தார்கள், ஒருத்தியும் அலறவில்லை. மிஷின்மேன் செண்பகராஜ் மட்டும் சட்டைப் பையிலிருந்த லென்சை எடுத்து அவன் தோள்பட்டையில் வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு, "மஞ்சள் ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கு. நிறத்து மேல நிறம் சரியா உக்காருதான்னு ரிஜிஸ்டர் பார்க்காம எவன்யா இதை ஓட்டினது?" என்றார்.

"நீங்கதான் ஓட்டினீங்க, பன்னெண்டு வருசத்துக்கு முந்தி," என்றாள் தங்கபுஷ்பம், மடித்துக்கொண்டிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே. அந்தத் தெருவிலேயே பெரிய தொண்டை அவளுடையது. மூன்று மிஷின் ஓடும்போதும் அவள் சாதாரணமாகப் பேசினால் வாசலில் நிற்கிற மாட்டுவண்டிக்காரனுக்குக் கேட்கும்.

வந்தவன் கோபத்தோடு திரும்பி நின்றபோது அவன் முதுகு முழுக்கச் சீயக்காய்த் தூள் விளம்பரம் இருந்தது. பக்கத்தின் மறுபுறத்தில் அதுதான் அச்சாகியிருந்தது, பாவம், அவன் என்ன செய்வான்.

அண்ணாச்சி ஆசைப்பட்டு நடத்தி ஏழே இதழோடு நிறுத்திவிட்ட சித்திரக்கதைப் புத்தகத்தின் வில்லன் அவன். அந்தக் கதையின் நாயகன் ஏழாம் இதழின் கடைசிப் பக்கத்தில் மலையுச்சியிலிருந்து விழுந்துகொண்டிருந்தான், எட்டாம் இதழ் வராததால் இன்னும் விழுந்துகொண்டேதான் இருக்கிறான். அவனுக்குக் கீழே இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில், "கோமேதகனின் பலங்கள்: ஒன்று, இவன் சொன்னதைப் படித்தவர் செய்தே தீருவார். இரண்டு, மறுப்பவரின் குரலை இவன் கல் எடுத்துக்கொள்ளும். மூன்று, சொல் உள்ளவரை கல் இவனுக்கு அடிமை." இரண்டாம் கட்டத்தில், "கோமேதகனின் பலவீனங்கள்: அடுத்த இதழில்!"

அடுத்த இதழ் வரவேயில்லை. ஆகவே அவனுக்குப் பலவீனமே இல்லை. இந்தக் கணக்கு ஊருக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

ஏனென்றால் முதல் வாரம் அவனை யாரும் பொருட்படுத்தவில்லை. அவனுக்குக் குரல் கிடையாது. பேச நினைத்தால் தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு பலூன் ஊதி எழும்பும், அதற்குள் கறுப்பு எழுத்தில் சொல் நிற்கும். "ஹா ஹா ஹா! அற்பப் பதர்களே, மண்டியிடுங்கள்!" என்று பலூன் எழும்பியது. படித்தவர்கள் மண்டியிட்டார்கள். பயத்தில் இல்லை. எழுத்தைக் கண்ணால் பார்த்ததும் தலைக்குள்ளே அவரவர் சொந்தக் குரல்தானே அதை வாசிக்கிறது, தன் குரலே தன்னை மண்டியிடச் சொன்னால் முழங்காலுக்கு வேறு யாரைக் கேட்கத் தெரியும்? மண்டியிட்டபடியே, "இந்த எழுத்துரு யார் போட்டது, நல்லா இருக்கே," என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகுதான் ஒவ்வொருவராக, பாதி எழுத்திலேயே கண்ணைத் திருப்பிக்கொண்டு, மறுத்துப் பார்த்தார்கள். கணக்கு வாத்தியார் பாடம் நடத்துகிற ஜன்னலில் வந்து நின்று, "இனி என் வரலாறு மட்டுமே பாடம்!" என்றான். "எட்டுப் பன்னெண்டா..." என்று சொல்லிக்கொண்டிருந்தவர், "மாட்டேன்யா, போ," என்று நடுவில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வாயைத் திறந்தார். வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. சாவு அறிவிக்கிற ஆட்டோக்காரர், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிறவர், மாடிவீட்டுச் சரசு, எதிர்வீட்டுப் பேச்சி என்று முப்பது பேர் குரல் போனது. அவன் தெருவில் நடந்தால் நெற்றிக் கல்லுக்குள் முப்பது குரலும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி முணுமுணுவென்று கேட்டன.

முப்பத்தொன்றாவது குரல் போனதற்குக் காரணம் வெயிலாட்சி.

வெயிலாட்சி, ஊருக்கு வெயிலு, தங்கபுஷ்பத்தின் ஒரே மகள், பதினைந்து வயது, ஊரில் யார் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே எடுத்துவிடுவாள். தலைமையாசிரியர் குரலில் பள்ளிக்கு விடுமுறை விட்டிருக்கிறாள். அண்ணாச்சி குரலில் டீக்கடைக்குப் போன் போட்டு நாற்பது வடை வரவழைத்து, அண்ணாச்சி முன்னாலேயே மூன்றைத் தின்றிருக்கிறாள். சினையாட்டின் குரல், அடைத்த குழாயின் குரல், டாப் கியர் விழாத டவுன் பஸ்ஸின் குரல் எல்லாம் வரும். சொந்தக் குரல்தான் வராது. எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோன செருப்பு மாதிரி அது கிடந்தது, காய்ச்சலில் புலம்பும்போது மட்டும் தங்கபுஷ்பத்துக்குக் கேட்கும். அதனாலோ என்னவோ, கோமேதகனின் பலூன் அவளை ஒன்றும் செய்யவில்லை. அவள் தலைக்குள் அதை ஆயிரம் குரல்கள் ஆளுக்கொரு விதமாக வாசித்தன, எந்தக் குரலுக்கென்று அவள் கீழ்ப்படிவது?

அன்று அவன் பைண்டிங் கொட்டகை வாசலில் வந்து நின்று, "அடிமைகளே! சாப்பாட்டு நேரம் ரத்து!" என்று பலூன் விட்டான். காகித ரீல்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த வெயிலுவுக்குக் கை பரபரத்தது. கல் வாயைப் பார்த்துத்தான் குரலை எடுக்கும், மறைந்திருந்தால் எப்படி எடுக்கும் என்று நினைத்துக்கொண்டு, பெண்களைச் சிரிக்க வைக்க, தன் அம்மாவின் குரலில், மூன்று மிஷின் சத்தத்துக்கும் மேலே கத்தினாள்: "மாட்டேன் போடா, காகிதப் பயலே!"

கல் ஒருமுறை மின்னியது. கொட்டகையின் அந்தக் கோடியில், "பாக்கியம், அந்தப் பசைச் சட்டியை..." என்று சொல்லிக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் அத்தோடு நின்றாள். கல் வாயைப் பார்க்கவில்லை. குரலைத்தான் பார்த்தது. யாருடைய குரலோ அவரிடமிருந்து எடுத்தது.

தங்கபுஷ்பம் தொண்டையைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, ரீல் அடுக்கின் பக்கம் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோபம் இல்லாத அந்தப் பார்வையைத்தான் வெயிலுவால் தாங்க முடியவில்லை.

ஊர் எதையும் பழகிக்கொள்ளும், இதையும் பழகிக்கொண்டது. குரல் போனவர்கள் கைத்தட்டலுக்கு மாறினார்கள். தங்கபுஷ்பம் ஒருமுறை தட்டினால் வா என்று அர்த்தம், இருமுறை தட்டினால் சாப்பிடு, மூன்று தட்டினால் செருப்பு பிஞ்சிரும். மற்றதற்கெல்லாம் வெயிலுவைக் கூப்பிட்டார்கள். வெளியூர் மகளிடம் போனில் பேச, பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பதில் சொல்ல, சாவு அறிவிக்க. எடுபட்ட குரலில் அவள் என்ன பேசினாலும் கல் கண்டுகொள்ளவில்லை, அது முன்பே உள்ளே இருக்கிறதே. மாடிவீட்டுச் சரசும் எதிர்வீட்டுப் பேச்சியும் குழாயடியில் மோதிக்கொண்டபோது, வெயிலு நடுவில் நின்று இரண்டு பேருக்கும் திட்டித் தந்தாள். "ஏட்டி, ஒன் மூஞ்சிக்கு வெங்கலக் கொடம் கேக்குதோ?" என்று இந்தப் பக்கம் திரும்பிப் பேச்சியாகவும், "எம் மூஞ்சியைப் பாத்துத்தான்டி ஒம் புருசன் குழாயடிக்கே வாரான்!" என்று அந்தப் பக்கம் திரும்பிச் சரசாகவும். கடைசியில் இருவரும் அவள் தோளைத் தட்டிவிட்டு நிறைந்த மனசோடு தண்ணீர் பிடித்துப் போனார்கள்.

ஆனால் வீட்டில் அவள் அம்மா குரலை எடுக்கவில்லை. ஒரே ஒருநாள் எடுக்கப் பார்த்தாள், தங்கபுஷ்பம் கையை உயர்த்தித் தடுத்துவிட்டாள். சாயங்காலங்களில் கோமேதகன் தெருவில் உலாப் போகும்போது கல்லுக்குள்ளிருந்து, "வெயிலு, சோறு ஆறுது," என்று கேட்கும். தங்கபுஷ்பம் வாசலில் நின்று தன் குரல் தன்னைத் தாண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அதை வாங்கித் தராமல் விடப் போவதில்லை என்று வெயிலு முடிவு செய்தது அப்படி ஒரு சாயங்காலத்தில்தான்.

வில்லனை ஒழிக்க ஊர் முயலாமல் இல்லை. தண்ணீர் ஊற்றினார்கள். வெயில் ஐந்து நிமிடத்தில் காய வைத்துவிட்டது. கரையான் புற்றை அவன் காலடியில் கொண்டுபோய்க் கொட்டினார்கள், கரையான்களுக்கு அந்த மை பிடிக்கவில்லை. செண்பகராஜ், "நாமே எட்டாம் இதழை அடிச்சிருவோம், பலவீனம் கரப்பான்பூச்சின்னு போட்டுருவோம்," என்று அச்சுத் தகடு தயாரிக்கப் போனார். வாசலில் பலூன் நின்றது: "பலவீனம் என்ற சொல்லை எவனும் அச்சேற்றக் கூடாது!" படித்தார், திரும்பி வந்துவிட்டார். "எனக்கே என்னமோ போல இருந்துச்சு, வேணாம்னு தோணுச்சு," என்றார். அதுதான் அவனுடைய வேலை.

இதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவது நெடுங்கரிசல்பட்டியின் வழக்கம். அதைப் பார்த்துத்தான் ஊர் ஊராக வியாபாரிகள் ஆர்டர் கொடுப்பார்கள். கோமேதகன் அண்ணாச்சியின் மேஜை மேல் ஏறி நின்றான். "இவ்வாண்டு ஆல்பத்தில் சாமி இல்லை, குழந்தை இல்லை, ரோஜாப்பூ இல்லை! அட்டைக்கு அட்டை நான்! என் தலைமேல் என் கட்டளை!"

நாடு முழுக்க, சுவருக்குச் சுவர், காலையில் எழுந்ததும் முதல் எழுத்தாக அதைப் படிப்பார்கள். படித்தவர்கள் செய்வார்கள். அண்ணாச்சியும் படித்தார், மிஷினை ஓட்டச் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் பாக்கியத்தாய் விளக்குமாறோடு உள்ளே வந்தாள். கழிவுத் தாளைக் கூட்டி அள்ளுகிறவள், எழுத்து தெரியாது. அவள் மேஜையருகே வந்து, "காலை எடுய்யா, கூட்டணும்," என்றாள். அவன் பலூன் விட்டான். அவள் அதை ஒட்டடை மாதிரி அண்ணாந்து பார்த்தாள். "என்னமோ ஊதுறான். என்ன வேணுமாம் இவனுக்கு? யாராச்சும் வாசிச்சுச் சொல்லுங்களேன்."

யாரும் வாயைத் திறக்கவில்லை. வெயிலு திறந்தாள். பாக்கியத்தாய் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் திறந்தாள், ஆனால் திறந்த வாயில் வந்தது டவுன் பஸ் கண்டக்டரின் குரல். "துடைப்பத்தைக் கீழே போடு, கிழவி! என் காலடியில் விழு! போலாம் ரைட்!"

கொட்டகை ஒரு நொடி பார்த்தது, பிறகு வெடித்துச் சிரித்தது. கோமேதகன் முகம் சிவந்தது, சிவப்பும் ஒரு நூல் தள்ளியே சிவந்தது. அடுத்த பலூன்: "நிறுத்து!" வெயிலு அதையும் கண்டக்டர் குரலிலேயே, நீட்டி, விசிலோடு வாசித்தாள். தெருமுனையில் நிஜமான பஸ் நின்றது. இரண்டு பேர் இறங்கிக்கொண்டார்கள்.

அவளை அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் மறுக்கவேயில்லையே, உள்ளதை வாசிக்கிறாள், அவ்வளவுதான். அதைவிட முக்கியமாக, வாசித்ததைக் காதில் கேட்டவர்கள் யாரும் கீழ்ப்படியவில்லை. கண்டக்டர் குரலில் ஒரு கட்டளை காதில் விழுந்துவிட்டால் அதன்பின் தலைக்குள் சொந்தக் குரல் எழும்பவில்லை.

"அப்ப நீ அவன் கூடவே போயி வாசி தாயி," என்றார் செண்பகராஜ்.

"காலண்டர் போற வீட்டுக்கெல்லாம் நான் போக முடியுமாண்ணே?" என்றாள் வெயிலு, செண்பகராஜின் குரலிலேயே.

அன்று அவள் பழைய ஏழாம் இதழைத் தேடி எடுத்து அந்த இரண்டு கட்டங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பலவீனத்தின் கட்டம் காலி. ஊரே அந்தக் காலிக் கட்டத்தைத்தான் இத்தனை நாள் முறைத்துக்கொண்டிருந்தது. அவள் பலங்களின் கட்டத்தைப் படித்தாள். மறுப்பவரின் குரலைக் கல் எடுத்துக்கொள்ளும். சொல் உள்ளவரை கல் இவனுக்கு அடிமை. பாம்பின் வாலைக் கண்டவள் மாதிரி எழுந்து உட்கார்ந்தாள். கல் குரலைப் பார்த்து எடுக்கிறது. அவனுக்குக் குரலே இல்லை, அதனால்தான் அவனிடமிருந்து எடுக்க முடியவில்லை. ஒரு குரலைக் கொடுத்துவிட்டால்?

ஆனால் யார் குரலை? எடுபட்ட குரலைக் கொடுத்துப் பயனில்லை, கல்லுக்கு அதில் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. இருக்கிற குரலைக் கொடுத்தால் அதற்குச் சொந்தக்காரர் ஊமையாவார். ஒருமுறை அப்படிச் செய்தாயிற்று, இன்னொரு முறை இல்லை. கணக்குப் போட்டுப் போட்டுக் கடைசியில், எடுபடாததாகவும் இன்னொருவருக்குச் சொந்தமில்லாததாகவும் உலகத்தில் ஒரே ஒரு குரல்தான் மிஞ்சியது.

கட்டிங் மிஷின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அதைத் தேடினாள். வாயைத் திறந்தால் வாத்தியார் வந்தார், சரசு வந்தாள், ஆடு வந்தது. எல்லோரையும் ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்தால் அடியில் அது இருந்தது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மூக்கு. இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பும் அதே குரலில் வந்தது.

மறுநாளிலிருந்து அவள் கோமேதகனின் பின்னாலேயே போனாள். பலூன் எழும்பும் முன் ஓடி முன்னால் நின்று, அந்தக் கரகரத்த மூக்குக் குரலில், கேலியே இல்லாமல், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். கேலி இல்லாத வாசிப்புக்கு ஊர் மறுபடி கீழ்ப்படிந்தது. "ஏட்டி, அவன் ஆளாயிட்டியா?" என்று பேச்சி கையாலேயே கேட்டாள். வெயிலு அடுத்த பலூனை வாசிக்க ஓடினாள். அவனுக்கோ பெருமை பிடிபடவில்லை. இத்தனை நாள் ஊமையாக இருந்தவனுக்கு முழங்க ஒரு குரல் கிடைத்துவிட்டது. அவள் வாசித்து முடிக்கும் வரை கையைத் தூக்கியபடியே நின்று பழகிக்கொண்டான். பத்தாம் நாள் அவள் வாசிக்காதபோதும் ஊர் அவன் பலூனை அந்தக் குரலில்தான் மனதுக்குள் கேட்டது. "இப்பல்லாம் அவனைப் பாத்தாலே ஒன் குரல்தான் கேக்குது," என்றார் அண்ணாச்சி. வெயிலுவுக்கு வேண்டியது அதுதான்.

ஆடிப் பதினெட்டு காலை. அச்சக முற்றத்தில் அம்மன் படம், தேங்காய், பழம், மஞ்சள் தடவிய ஆல்பக் கட்டு. ஊரே வந்திருந்தது. தங்கபுஷ்பம் முன் வரிசையில் நின்றாள். கோமேதகன் ஆல்பத்தின் மேல் ஒரு காலை வைத்துக் கையைத் தூக்கினான். பலூன் எழும்பியது: "என் பெயரைச் சொல்லி வெளியிடுங்கள்!"

கூட்டம் வெயிலுவைப் பார்த்தது, அவனும் பார்த்தான்.

வெயிலு அம்மாவைப் பார்த்தாள். தங்கபுஷ்பம் பத்து நாளாக அவள் கண்ணைத் தவிர்த்தவள், இப்போது நேராகப் பார்த்தாள், என்ன நடக்கப் போகிறதென்று புரிந்து, வேகமாக மூன்று தட்டு தட்டினாள். செருப்பு பிஞ்சிரும். வெயிலு சிரித்துக்கொண்டே, தன்னுடையதும் இப்போது அவனுடையதுமான அந்தக் குரலில் சொன்னாள்:

"மாட்டேன்."

கல் மின்னியது. வெயிலுவின் தொண்டையில் ஒரு குளிர்ச்சி இறங்கியது. அதே நொடியில் அவன் தலைக்கு மேலிருந்த பலூனிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அவன் கையை ஆட்டினான், வெற்றுப் பலூன் வந்தது. காலை உதைத்தான், இன்னொரு வெற்றுப் பலூன். சொல் தீர்ந்துவிட்டது. சொல் உள்ளவரைதான் கல் அடிமை என்று அவன் கட்டத்திலேயே எழுதியிருந்தது. கல் நெற்றியிலிருந்து கழன்று, சிமெண்டுத் தரையில் விழுந்து, இரண்டாகப் பிளந்தது.

குரல்கள் கிளம்பின. ஒவ்வொன்றும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. "...தொண்ணூத்தாறு!" என்றார் கணக்கு வாத்தியார். "...இந்தப் பக்கம் தள்ளு!" என்று தங்கபுஷ்பத்தின் குரல் அவள் தொண்டைக்குள் வந்து விழுந்தபோது தெருக்கோடியில் மாடு ஒன்று திடுக்கிட்டது. கடைசியாக ஒரு குரல் வந்தது, கரகரப்பாக, மூக்கால். அது அவனுக்கும் அவளுக்கும் நடுவில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. அதைப் பிடிக்க அவன் கையை நீட்டினான். ஊரே பதறி, ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது. இழுத்த மூச்சோடு அந்தக் குரல் இருந்த அத்தனை பேருக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

குரலும் கல்லும் போனவன் தாளாகச் சரிந்தான். தங்கபுஷ்பத்தின் கை யோசிக்கவில்லை. இருபது வருடப் பழக்கத்தில் அவனை இழுத்து, ஓரம் தட்டி, ஒரு மடி, இரண்டாம் மடி, மூன்றாம் மடி, மரக்கட்டையால் ஒரு தேய், தூக்கிப் பசைச் சட்டியின் அடியில் வைத்துவிட்டாள். சீயக்காய் விளம்பரம் மேல்பக்கமாக வந்தது.

அன்று முழுக்க ஊர் மாட்டேன் சொல்லிக் கொண்டாடியது. பிள்ளைகள் உப்புமாவுக்கு மாட்டேன் என்றார்கள், செண்பகராஜ் கூடுதல் ஷிப்டுக்கு மாட்டேன் என்றார். அண்ணாச்சி, "இவன் மூஞ்சியைப் போட்டு ஒரு அட்டை வெளியே விடமாட்டேன்!" என்று சொல்லிவிட்டு, பயந்து தொண்டையைத் தொட்டுப் பார்த்து, இன்னொரு தரம் சொன்னார். அதே கையோடு எட்டாம் இதழை ஒரே ஒரு பக்கமாக அச்சடித்தார்கள். "கோமேதகனின் பலவீனங்கள்: மேற்படி பலங்களே."

எல்லாம் முடிந்து தங்கபுஷ்பம் மகளின் காதைத் திருகினாள். "ஏட்டி! கொழுப்பெடுத்த கழுதை! தொண்டையைத் தூக்கிக் கொடுக்க நீ என்ன பெரிய இவளா?"

"போம்மா, ஒண்ணும் ஆவலை," என்றாள் வெயிலு, தங்கபுஷ்பத்தின் குரலிலேயே.

"எங்கிட்டயே எங்குரலா? ஒன் குரல்ல பேசு."

வெயிலு வாயைத் திறந்தாள். வாத்தியார் வந்தார், சரசு வந்தாள், ஆடு வந்தது. எல்லோரையும் ஓரமாக நிறுத்திவிட்டு அடியில் பார்த்தாள். ஒன்றுமில்லை.

தங்கபுஷ்பம் தொண்டையைச் செருமினாள். பிறகு, வாழ்நாளில் யாரையும் நடித்துக் காட்டாத அந்தப் பெரிய தொண்டையைச் சுருக்கி, மூக்கால், மகளை மாதிரிப் பேசிப் பார்த்தாள். "அம்மா, எனக்கு வடை." மகா கேவலமாக இருந்தது. ஆனால் கரகரப்பு சரியாக இருந்தது. பேச்சி முன்னால் வந்து, "ரைட் போலாம்," என்று அந்தக் குரலில் இழுத்தாள், இழுப்பு சரியாக இருந்தது. அண்ணாச்சி ஒரு வார்த்தை, வாத்தியார் ஒரு வார்த்தை, செண்பகராஜ் லென்சைக் கையில் பிடித்தபடி ஒரு வார்த்தை. ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்து போட்டார்கள். ஊரை நடித்துக் காட்டியவளுக்கு ஊர் அவளை நடித்துக் காட்டியது. வெயிலு கண்ணை மூடி, எல்லாவற்றையும் கேட்டு, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஓரம் தட்டினாள். மஞ்சள் ஒரு நூல் தள்ளி விழுந்ததுபோல் லேசாக விலகியிருந்தது. பரவாயில்லை.

"இனிமே யார் குரலையும் எடுக்கிறதில்லைன்னு ஊர் முன்னால சத்தியம் பண்ணு," என்றாள் தங்கபுஷ்பம், உள்ளங்கையை நீட்டி.

வெயிலு அந்தக் கையைப் பார்த்தாள், ஊரைப் பார்த்தாள், தரையில் பிளந்து கிடந்த கல்லைப் பார்த்தாள். பிறகு கரகரத்த, மூக்கடைத்த, தன்னுடைய சொந்தக் குரலில், தெருக்கோடி மாட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"மாட்டேன்."